மாசியில் ஒரு நாள்: செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கடியாபட்டி என்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நகரத்தார் ஊர்களில் பூர்வீக வீட்டுக்குப் பங்கு உள்ளவர்களுக்கும், சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு அந்த வீட்டுச் சாவியில் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கும் எழுதுவது.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு முந்தின நாள் பல வீடுகளில் ஒரே காட்சிதான். காரில் வந்து இறங்குபவர்கள் பைகளைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுக்கிறார்கள். பூட்டு திறக்கிறது, கதவு திறக்கவில்லை. ஒருவர் தோள் கொடுத்துத் தள்ள, இன்னொருவர் கீழே காலால் முட்டுக்கொடுக்க, கிறீச்சென்ற ஓசையோடு பாதிக் கதவு நகர்கிறது. உள்ளே வௌவால் நாற்றம். அறை ஜன்னலைத் திறக்கப் போனால் கதவின் அடிச்சட்டம் கையோடு வந்துவிடுகிறது. படைப்பு முடிந்து ஊர் திரும்பும் அவசரத்தில், அந்த ஜன்னலைக் கயிற்றால் கட்டிவிட்டு வீட்டைப் பூட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வரும்போது கயிறு மட்டும் இருக்கிறது.

இந்த மடல் அந்த ஒரு ஜன்னலைப் பற்றியது.

செட்டிநாட்டு வீடுகளைக் காப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓடு, தட்டட்டி, மதில் என்று பெரிய செலவுகளே முன்னால் வந்து நிற்கின்றன. பங்குள்ள குடும்பங்கள் எத்தனை புள்ளி, யாருக்கு எந்த அறை என்ற பழைய வழக்கு பின்னாலேயே வருகிறது. பேச்சு அதோடு நின்றுவிடும். கதவும் ஜன்னலும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் பழுதாகிறவற்றில் அவையும் உண்டு. குறைந்த செலவில் காப்பாற்ற முடிகிறவையும் அவைதான்.

அந்த மரம் எப்படி வந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பர்மாக் காடுகளில் வளர்ந்த தேக்கை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெளிர்மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதே காரணம். காய்ந்த பிறகு வெட்டி, யானைகளை வைத்து ஆற்றுக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டி ஐராவதியில் ரங்கூனுக்கு மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து கப்பலேறி வந்த மரம்தான் முகப்பில் நிலையாகவும் நடு முற்றமான வளவில் தூணாகவும் நிற்கிறது. தச்சர் உளி வைப்பதற்கு முன்பே அது நன்றாகக் காய்ந்திருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பல கதவுகள் கோணாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட மரத்தை இனி வாங்குவது எளிதல்ல. செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது 2014இல். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மியான்மர் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. கையோடு பெயர்ந்து வந்த அந்த அடிச்சட்டத்துக்கு ஈடான மரம் கடைக்கு வந்து சேருவது அரிதாகிக்கொண்டே போகிறது.

வைரம் பாய்ந்த தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையானுக்குப் பிடிக்காத பொருளும் அதில் இருக்கிறது. அதனால்தான் பர்மாத் தேக்குக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வைரத்துக்குத்தான் அந்த வலிமை. வெளிர்மரம் ஒட்டிய இடங்களிலும், பின்னாளில் பழுது பார்த்தபோது வைத்த நாட்டு மரத்திலும் உளுவும் கரையானும் தயங்காமல் இறங்கும். தொடர்ந்து ஈரத்தில் நின்றால் வைரமும் தளரும். மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை, உளுக்கச் செய்யும் பூஞ்சை பெரும்பாலும் தலைதூக்குவதில்லை. அந்த எல்லையைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பின் சாரம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? வீடு கட்டியவர்களின் கணக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது. முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி அமைத்தார்கள். நடுவில் வானம் பார்த்த வளவு. தெருக் காற்று ஒரு வாசலில் நுழைந்து அடுத்த கட்டுக்குப் போக, வளவின் சூடு மேலே ஏறிப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை வளவில் கொட்டினாலும் அடுத்த சில நாள் காற்றில் சுவர் உலர்ந்துவிடும். கதவுகளை எல்லாம் சாத்திப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? மழைக்கு மட்டும் சாவி தேவையில்லை. அது வழக்கம்போல் வளவில் இறங்குகிறது. உலர்த்த வேண்டிய காற்றுதான் வெளியே நிற்கிறது. சுற்றியுள்ள அறைகளில் ஈரம் தங்கி, சுவரை ஒட்டிய நிலைக்காலின் முதுகு வழியாக மரத்துக்குள் ஏறுகிறது. பாதுகாப்புக்காகப் பூட்டிய பூட்டே வீட்டைப் புழுங்கவைக்கிறது.

ஆகவே முதல் வேலை துணியோ எண்ணெயோ இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து எல்லாக் கதவையும் எல்லா ஜன்னலையும் திறந்து, காலையிலிருந்து மாலை வரை காற்று ஓடவிட்டு, மறுபடி சாத்திவிட்டுப் போக வேண்டும். மழை நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் இதைச் செய்ய வேண்டும். இதற்கு ஒரு பைசாப் பொருட்செலவு கிடையாது. நகரும் கதவில் குளவி கூடு கட்டாது. கீல் துருப்பிடித்து இறுகாது. எந்தச் சட்டம் தளர்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை தூசி. ஒரு பெரிய வீட்டில் நூறு ஜன்னல் கதவுகள் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிட்டாலும் ஆயிரம் நிமிடம்தான். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. மாதம் ஒரு நாள் அதற்கு ஒதுக்கினால் போதும். மேலிருந்து கீழாக, முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு பிழிந்தெடுத்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வாளியில் தண்ணீரை எடுத்து வீசிக் கழுவுவதை அடியோடு நிறுத்திவிடலாம். குழாயைப் பிடித்து அடிப்பதையும்தான்.

முகப்புக் கதவின் நிலை தனிக் கவனம் கேட்கிறது. கஜலட்சுமி, யாளி, கொடி, பூ என்று அடுக்கடுக்காகச் செதுக்கிய வேலையில் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து கறுத்த பசையாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்ததும் காரச் சோடாவையும் கம்பி பிரஷ்ஷையும் எடுப்பவர்கள் உண்டு. சோடா மரத்தின் நிறத்தையும் நாரையும் கெடுத்துவிடும். கம்பி பிரஷ்ஷோ கஜலட்சுமியின் மூக்கை மழுங்கடித்துவிடும். மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி, மிதமான சோப்பு நீரில் தொட்டுப் பிழிந்து, விரல் அகலம் விரல் அகலமாக எடுப்பதே சரியான வழி. அதற்கு நாளாகும், ஆகட்டும். நிலையில் மஞ்சள், குங்குமம் வைப்பது நின்றுவிட வேண்டியதில்லை. பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் பழக்கம் இருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் பொட்டின் மேல் பொட்டாக ஏறிய இடத்தில்தான் ஈரம் ஒளிந்துகொள்கிறது.

மூன்றாவது வேலை எண்ணெய். அதற்குத்தான் மாசி மாதம். வடகிழக்கு மழை ஓய்ந்து, மரம் உள்ளூர உலர்ந்திருக்கும் நேரம் அது. ஈர மரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, துணியால் மெல்லியதாகத் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் விட்ட மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். தாராளமாக விட்டால் பளபளக்கும் என்று நினைத்து வழியவிட்டால், அது பிசுபிசுப்பாக நின்று தூசியை இழுத்து மறுபடி அதே கறுப்பில் கொண்டுபோய் விடும். வெயில் படும் வெளிக்கதவுகளுக்குக் கண்ணாடிபோல் மினுங்கும் வார்னிஷைப் பலர் விரும்புகிறார்கள். வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். வெடிப்பு வழியே நீர் புகும். புகுந்த நீர் வெளியேற வழியிருக்காது. எண்ணெய்ப் பூச்சு மங்கினால் மேலேயே மறுபடி பூசலாம். வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் கரையானுக்கு நல்ல தடுப்புத்தான். ஆனால் மரத்தைக் கறுக்கவைக்கும், தோலில் பட்டால் கொப்புளம் எழும். மறைவான உத்தரத்துக்கு அது பொருந்தும். முகப்பு வேலைப்பாட்டுக்கு வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளிவிடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால், யாரும் தீ வைக்காமலே அவை பற்றிக்கொள்ளும். மரம் நிறைந்த பூட்டிய வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. வேலை முடிந்ததும் துணிகளை வெளியே கொண்டுபோய்த் தண்ணீரில் ஊறவையுங்கள், அல்லது தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள்.

கார்த்திகையில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியைக் கொண்டு சீவச் சொல்வது இன்னொரு தவறு. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில்தான் ஈரத்தைக் குடித்து விரியும். மழையில் விரிந்த கதவைச் சீவினால், சித்திரையில் அது சுருங்கும்போது இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து தெரியும். பிறகு அந்தச் சந்தில் பல்லியும் மழைச்சாரலும் குடிவரும். பங்குனி வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் இறுகினால் கீல் தொங்கியிருக்கிறதா, நிலை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இழைப்புளியைத் தொட வேண்டும்.

கயிற்றால் கட்டிய அந்த ஜன்னலுக்கு வருவோம். பெயர்ந்தது அடிச்சட்டம். பெரும்பாலான ஜன்னல்களில் முதலில் போவது அதுதான். பெயின்ட் அடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு இரண்டு பூச்சு அடிக்கிறார். கதவின் அடிவிளிம்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நிற்கும் சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் முடிகிறது. மரத்தின் நார்க்குழாய்கள் வாய்திறந்து நிற்கும் இடம் அது. பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் அங்கே நீர் ஏறும். சாரல் வழிந்து தங்கும் இடமும் அதுவே. மாசி வேலையின்போது ஒவ்வொரு ஜன்னலின் அடியையும் திருப்புளியின் நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால் அந்த இடம் உளுத்திருக்கிறது. இறங்காத இடத்தில் எல்லாம் வெட்டுமுகத்துக்கு இரண்டு முறை எண்ணெய் கொடுங்கள். உளுத்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, நார் ஓட்டம் பொருந்தும்படி பழைய தேக்குத் துண்டை வைத்து ஒட்டுப்போட நல்ல தச்சருக்குத் தெரியும். அதற்காக முழு ஜன்னலையும் கழற்றி எறிய வேண்டியதில்லை.

ஜன்னல் கம்பிகள் இன்னொரு பகை. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். சட்டத்துக்குள் புதைந்த முனையில் அது நடந்தால், உள்ளிருந்தே ஆப்பு அடித்ததுபோல் மரம் பிளக்கும். கம்பியின் அடிப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் கோடு வழிந்திருந்தால் அதுவே அறிகுறி. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூச வேண்டும்.

சுரண்டும்போது பழைய பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காக ஏறியிருக்கும் அந்தப் பூச்சுகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தேய்ப்பவரின் உடலிலும் சேரும். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அன்று வீட்டின் அந்தப் பகுதியில் இருக்கக்கூடாது. கூலிக்கு வேலை செய்பவரின் நுரையீரலும் இந்த வீட்டின் பொறுப்புதான்.

வளைவுகளில் பதித்த வண்ணக் கண்ணாடிக்கு வெறும் தண்ணீரும் மென்துணியும் போதும். கண்ணாடியைவிட அதைப் பிடித்திருக்கும் மக்கைப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெயும் சாக்கட்டித் தூளும் பிசைந்து வைத்த மக்கு காலப்போக்கில் கல்லாகி வெடித்து உதிரும். ஒரு மூலை உதிர்ந்தாலும் கதவு அடித்துக்கொள்ளும் ஒரு காற்றில் கண்ணாடி விழுந்துவிடும். அதே நிறத்தில் இன்னொன்று கிடைப்பது அரிது.

பழைய கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீண்ட குடுமியில்தான் சுழலும். அந்தக் குடுமி உட்காரும் குழியில் மணல் சேர்ந்தால் அது உப்புத்தாள்போல் மரத்தைத் தேய்க்கும். மாதம் ஒருமுறை குழியை ஊதிச் சுத்தம் செய்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் கதவு முனகாது. பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். அது தூசியோடு சேர்ந்து கோந்தாகிவிடும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் நெம்பு இலகும். அப்படியும் திறக்காத பழைய பூட்டை உடைக்காதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத்தொழில் திண்டுக்கல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பூட்டின் நெஞ்சைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் அங்கே உண்டு.

பித்தளைக் குமிழுக்குப் புளியும் உப்பும் நல்லவைதான். சுற்றியுள்ள மரத்தில் அந்தச் சாறு பட்டால் கறை விழும். அட்டையில் குமிழ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டுத் தேய்த்தால் மரம் தப்பும்.

கரையான் வந்த வீட்டில் நிலைக்காலின் ஓரத்தில் மண்கோடு தெரியும். அதைத் துடைத்துவிட்டு நிம்மதி அடைவதில் பயனில்லை. நடுவில் ஒரு விரல் அளவுக்கு உடைத்து, நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். மண் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அப்போது மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டும். நிலையை ஒட்டி விறகு, பழைய பலகை, சாக்கு எதையும் அடுக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தவர்களுக்கு இந்த மடலின் கவலை எளிதில் புரியும். இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் கதவுகளும் ஜன்னல்களும் அங்கே சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கடைக்காரர்கள் அவற்றைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஒட்டுப்போடத் தேவையான பழைய தேக்குத் துண்டும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் எந்த வீட்டின் எந்த வாசல் என்ற முகவரி அந்தக் கதவுகளுக்கு இனி இல்லை. பெயர்ந்த ஒரு ஜன்னலை இருக்கட்டும் என்று விட்ட வீட்டில், அடுத்து பக்கத்து ஜன்னல் போகிறது; பிறகு மழை நேராக அறைக்குள் இறங்குகிறது; பிறகு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது.

வேறு விதமான வீடுகளும் கண்முன் இருக்கின்றன. கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸ், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் ஆகியவை தங்கும் விடுதிகளாகி, வாசல்கள் திறந்து கிடக்கின்றன. எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். அங்கே ஆள் புழங்குவதால் கதவுகளுக்குத் தானாகக் கிடைக்கும் கவனத்தை, ஆள் இல்லாத வீட்டில் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஒப்புதல் கிடைக்காதே என்று சில புள்ளிகள் தயங்கக்கூடும். ஓடு மாற்றவும் சுவர் எழுப்பவும் கையெழுத்து வேண்டியிருக்கலாம். ஜன்னலைத் திறந்து துடைப்பதற்குப் பாகப்பிரிவினை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது யாருடைய பங்கையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், முடியும் நாளில் பிரித்துக்கொள்ள ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது, இலை எடுத்த பிறகு அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வீடு பார்த்துக்கொள்பவருக்கு வாரம் ஒருநாள் திறந்து சாத்தும் வேலைக்குத் தனிக் கூலி பேசி, அதைப் புள்ளிக் கணக்கில் ஏற்றுங்கள். அதுவரை சாவியைத் தரத் தயங்கிய அறைகளின் சாவியையும் அவரிடம் கொடுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் எண் போட்டுப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். எது பழுதாகிறது என்பதும், எது காணாமல் போகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். மாசியில் ஒரு சனி, ஞாயிறை இப்போதே குறித்து, ஊரில் இருக்கும் தச்சரிடம் சொல்லி வையுங்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர் கிடைக்க மாட்டார். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஈயப் பெயின்ட் இல்லாத பகுதியில் ஆளுக்கு ஒரு துணியும் ஒரு ஜன்னலும் கொடுங்கள்.

கயிற்றால் கட்டிய ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ந்த அடிச்சட்டம் பெரும்பாலும் அந்த அறை மூலையிலேயேதான் கிடக்கும்.

அன்புடன்,
அந்த வீடுகளின் வாசலில் பலமுறை நின்று பார்த்த ஒருவர்